காது கேளாத பிள்ளைக்குக் கைகொடுப்பவர் யார்?

"செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று நம்மவர்கள் ஒரு பழமொழி சொல்வதுண்டு. பயனற்ற வேலைக்கு உதாரணமாக அதை எடுத்துக் காட்டுகிறோம். ஆனால் சற்று யோசித்துப் பார்த்தால், அந்தப் பழமொழியில் குற்றம் யார் மேல் என்ற கேள்வி எழும். காது கேளாது என்று தெரிந்த பிறகும் அவன் முன்னால் நின்று சங்கை ஊதினவன்மேல்தானே குற்றம்? நமது பள்ளிக்கூடங்கள் பலவற்றில் காது கேளாத பிள்ளைகளுக்கு இன்று நடந்து கொண்டிருப்பது இந்தச் சங்கு ஊதும் காரியம்தான்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அருகிலுள்ள சாதாரணப் பள்ளியிலும் சேரலாம். பெற்றோர் விரும்பினால் சிறப்புப் பள்ளியிலும் சேர்க்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் சாதாரணப் பள்ளியில் காது கேளாத பிள்ளை உட்கார்ந்த பிறகு, ஆசிரியர் சொல்வதை அந்தப் பிள்ளைக்குக் கையால் எடுத்துச் சொல்பவர் யார்? அவருக்கு என்ன தகுதி இருக்க வேண்டும்? அந்தத் தகுதியைச் சோதித்துப் பார்த்தவர் யார்? இந்தக் கேள்விகளைக் கேட்டால் தெளிவான விடை கிடைப்பதில்லை. பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிட ஒரு மடங்கு அதிக முக்கியமானது. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் காது கேளாமைக் குறை உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். கர்நாடகத்தில் மட்டும் 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். இது ஒரு சில வீடுகளின் துயரம் என்று ஒதுக்கிவிடக் கூடிய எண்ணிக்கை அல்ல.

உதட்டைப் பார்த்துப் படித்த காலம்

நம் நாட்டில் காது கேளாதோர் பள்ளிகளுக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. பம்பாயில் 1885-லும், கல்கத்தாவில் 1893-லும் இத்தகைய பள்ளிகள் தொடங்கின. தென்னாட்டில் 1895-ல் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரால் நடந்து வருகிறது.

இந்தப் பள்ளிகள் தோன்றிய காலத்தில் உலகம் முழுவதும் ஒரு கொள்கை ஓங்கி நின்றது. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சைத்தான் கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தின் நிழல் நம் ஊர்ப் பள்ளிகள் மீதும் விழுந்தது. பிள்ளைகள் ஆசிரியரின் உதட்டைப் பார்த்துப் புரிந்து கொள்ள வேண்டும். கையை அசைத்தால் அடி விழும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 130 ஆண்டுகள் கழித்து, 2010-ல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அதே வகை மாநாடுதான் மிலான் தீர்மானங்களைத் தள்ளிவிட்டு, அவற்றால் நேர்ந்த தீமைக்கு வருத்தமும் தெரிவித்தது.

உதட்டைப் பார்த்துப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். வாசகர்கள் கண்ணாடி முன் நின்று, சத்தம் வராமல் "பணம்" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு "மணம்" என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒன்றுபோலவே மூடித் திறக்கும். "பாலை", "மாலை" என்பவையும் அப்படியே. "கல்", "நல்ல" போன்ற சொற்களில் நாக்கு உள்ளே செய்யும் வேலை வெளியே தெரிவதே இல்லை. சொல்லில் பாதியைக் கண்ணால் பார்த்து, மீதியை ஊகித்துக் கொள்ளும் பிள்ளை, விஞ்ஞானமும் கணக்கும் எப்படிப் படிக்கும்?

இப்போது காதுக்குள் பொருத்தும் கருவிகளும் அறுவைச் சிகிச்சையும் வந்துவிட்டனவே என்று சிலர் கேட்கலாம். மிகச் சிறு வயதிலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை செய்து, தொடர்ந்து பேச்சுப் பயிற்சியும் கொடுத்தால் பல பிள்ளைகளுக்கு நல்ல பலன் கிடைக்கிறது. ஆனால் எல்லாருக்கும் அந்தச் சிகிச்சை பொருந்துவதில்லை. வயது கடந்த பின் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகள், பயிற்சிக்கு வாரந்தோறும் அலைய வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் நிறையவே மிஞ்சுகிறார்கள். அவர்களுக்குப் படிப்பு கைவழியாகத்தான் வர வேண்டும்.

பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளையின் இரட்டைச் சங்கடம்

இங்கேதான் நம் ஊர்க் கதை வருகிறது. வீட்டில் தாய் "பால்" என்கிறாள். உதடு மூடித் திறக்கிறது. பள்ளியில் ஆசிரியை "ஹாலு" என்கிறார். உதடு மூடவே இல்லை. வீட்டில் "பத்து", பள்ளியில் "ஹத்து". வீட்டில் "பல்", பள்ளியில் "ஹல்லு". தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறியிருப்பதைக் காது கேட்கும் நம் பிள்ளைகள் தெருவில் விளையாடும்போதே பிடித்துக் கொள்கிறார்கள். சிவாஜி நகரிலும் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வளரும் நம் பிள்ளைகள் மூன்று மொழியும் நான்கு மொழியும் சரளமாகப் பேசுவது இப்படித்தான். உதட்டை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைக்கோ, ஒரே பாலுக்கு இரண்டு முகம். அதன்மேல் ஆங்கிலம் மூன்றாவது முகமாக வந்து உட்கார்ந்து கொள்கிறது.

சைகை மொழியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பாலுக்குத் தமிழ்ச் சைகை, கன்னடச் சைகை என்ற பிரிவினை கிடையாது. சென்னையிலிருந்து வரும் காது கேளாத இளைஞரும் பெங்களூர் இளைஞரும் சந்தித்த சிறிது நேரத்துக்குள் தாராளமாகப் பேசிக் கொள்வதை ரயில் நிலையப் பிளாட்பாரத்தில் யாரும் பார்க்கலாம். இது வெறும் கண்ணால் கண்ட சேதி மட்டும் அல்ல. தாமே காது கேளாதவரான மதன் வசிஷ்டாவும் அமெரிக்க மொழியியலாளர் ஜேம்ஸ் உட்வர்டும் மற்றும் ஒருவரும் சேர்ந்து டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களின் சைகைகளை ஒப்பிட்டு 1978-ல் வெளியிட்ட ஆய்வில், சைகைகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று கண்டார்கள். பெங்களூர் வகைச் சைகைக்கென்றே 1985-ல் தனி நூலும் வந்தது. நம் ஊர்க் காது கேளாதோரின் கைப்பேச்சு உலக மொழியியல் நூல்களில் இடம் பெற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அதை "ஊமைப் பாஷை" என்று இன்னும் கேலி செய்கிறவர்கள் இதைத் தெரிந்து கொள்வது நல்லது. மொழி உள்ளவன் ஊமை அல்ல.

மத்திய அரசு 2015-ல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை ஏற்படுத்தியது. அந்த மையம் 2018-ல் 3,000 சொற்களோடு ஓர் அகராதியை வெளியிட்டது. 2019-ல் அது 6,000 சொற்களாகவும், 2021-ல் 10,000 சொற்களாகவும் வளர்ந்தது. பள்ளிப் பாடநூல்களைச் சைகை மொழியில் தருவதற்காக 2020 அக்டோபரில் என்.சி.இ.ஆர்.டி.யுடன் ஒப்பந்தமும் செய்து கொண்டது. ஆக, மொழி இருக்கிறது, அகராதி இருக்கிறது. வகுப்பறையில் அந்த மொழியைச் சரியாகக் கையாளும் ஆள் இருக்கிறாரா என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.

இடையில் நிற்பவர்

கம்பெனி ஆட்சிக் காலத்தில் துபாஷி என்று ஒருவர் இருந்தார். வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாது. ஊர்க்காரனுக்கு இங்கிலீஷ் தெரியாது. இருவருக்கும் நடுவில் நின்றவர் துபாஷி. அவர் சொன்னதுதான் சொல். சரியாகச் சொன்னாரா, கூட்டிச் சொன்னாரா, குறைத்துச் சொன்னாரா என்பது இரண்டு பக்கத்தாருக்கும் தெரியாது. துபாஷிகள் சிலர் பெரும் செல்வந்தர்களாக ஆனதன் ரகசியம் அதில்தான் இருந்தது.

வகுப்பறையில் நிற்கும் சைகை மொழிபெயர்ப்பாளர் இதே இடத்தில் நிற்கிறார். அவர் பணம் சேர்க்கிறார் என்று சொல்ல வரவில்லை. பாவம், பலருக்குக் கிடைப்பது சொற்பச் சம்பளம். ஆனால் அவர் தப்பாகச் சொன்னால் கண்டுபிடிக்க அங்கே யாரும் இல்லை. ஆசிரியருக்குச் சைகை தெரியாது. பிள்ளைக்குக் காது கேளாது. தலைமை ஆசிரியர் வாசலில் நின்று பார்த்தால் கை அசைகிறது, பிள்ளையும் பார்த்துக் கொண்டிருக்கிறது. எல்லாம் நன்றாக நடப்பதாகவே தோன்றும். பரீட்சையில் பிள்ளை தோற்றால், "காது கேளாத பிள்ளைதானே, புத்தி மட்டு" என்று பழி பிள்ளையின் தலையில் விழும். கையை அசைத்தவர் மேல் விழாது.

எப்படித் தப்பு நேரும்? ஆசிரியர் "இந்தக் கம்பியின் நீளம் ஓர் அடி" என்கிறார். மொழிபெயர்ப்பவர் கவனக்குறைவாக, அடிப்பதற்கு உரிய சைகையைக் காட்டினால் பிள்ளை என்ன புரிந்து கொள்ளும்? "படி" என்பது வாசிக்கும் படியா, ஏறும் படியா, அளக்கும் படியா? இங்கிலீஷ் வகுப்பில் "டேபிள்" என்பது மேஜையா, பெருக்கல் வாய்ப்பாடா? "ரூட்" என்பது செடியின் வேரா, கணக்கில் வரும் வர்க்கமூலமா? ஒளிச்சேர்க்கை என்ற பாடத்தை, அது என்னவென்றே தெரியாத ஒருவர், விளக்கு என்று ஒரு சைகையும், சேர் என்று ஒரு சைகையும் காட்டி முடித்துவிடலாம். சொல்லுக்குச் சொல் கை அசைந்திருக்கும். பாடம் மட்டும் போய்ச் சேர்ந்திருக்காது.

டிக்கெட் கவுன்டரில் வேலை பார்க்கும் எனக்கு இத்தகைய பெற்றோர்களைச் சந்திக்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்கிறது. காது கேளாமலும் பேச்சு வராமலும் உள்ளவர்களுக்கு ரயிலில் சலுகைக் கட்டணம் உண்டு. லிங்கராஜபுரத்துத் தந்தை ஒருவர் பையனுடன் வந்திருந்தார். கூட்டம் இல்லாத நேரம். "சார், இவன் நோட்டைக் கொஞ்சம் பாருங்க" என்று எடுத்துக் காட்டினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒரு பிழை இல்லை. "எட்டாவது படிக்கிறான். கரும்பலகையில இருக்கிறதை அப்படியே எழுதிடுவான் சார். ஆனா என்ன எழுதியிருக்கோம்னு கேட்டா ஒரு வரி தெரியாது. கிளாஸ்ல சைகை காட்டறதுக்குன்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்களே எங்கேயோ ரெண்டு மாசம் கத்துக்கிட்டு வந்தவங்களாம்" என்றார். எட்டு வருஷப் படிப்பு அழகான கையெழுத்தாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. அந்தப் பையன் சலுகைக் கட்டணத்தில் டிக்கெட் வாங்க வேண்டுமானால், தனக்குக் காது கேளாது என்பதற்கு டாக்டர் கையெழுத்திட்ட சான்றிதழைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் நான் டிக்கெட் தர முடியாது. ஆனால் அவனுக்கு எட்டு வருஷம் பாடத்தை எடுத்துச் சொன்னவரிடம் யாரும் எந்தச் சான்றையும் கேட்கவில்லை. கேளாதவன் தன் கேளாமையை நிரூபிக்க வேண்டும். அவனுக்குச் சொல்ல வந்தவர் தன் திறமையை நிரூபிக்க வேண்டியதில்லை! இது என்ன நியாயம்?

முத்திரை எதற்காக?

மளிகைக் கடைத் தராசில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று ஏன் பார்க்கிறோம்? எடைக்கல்லை வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க முடியாது. தன்னால் சரிபார்க்க முடியாத இடத்தில் தனக்காக வேறொருவர் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும் என்பதுதான் அதன் தத்துவம். ரயில்வேயிலும் அதே முறைதான். ஸ்டேஷன் மாஸ்டரும் பாயின்ட்ஸ்மேனும் தகுதிச் சான்று இல்லாமல் ரயில் ஓட்டம் சம்பந்தப்பட்ட வேலையில் கை வைக்க முடியாது. ஒரு முறை தேறினால் போதும் என்பதும் இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மறுபயிற்சிக்குப் போய் வர வேண்டும். பச்சைக் கொடி காட்டுவது பெரிய வித்தையா என்று யாரும் கேட்பதில்லை. வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரால் அந்தக் கொடியைச் சரிபார்க்க முடியாது என்பதால்தான் சான்று கேட்கிறார்கள்.

வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் காது கேளாத பிள்ளையும் அந்தப் பிரயாணியைப் போன்றதுதான். நம்பி ஏறி உட்கார்ந்திருக்கிறது. சரிபார்க்கும் சக்தி அதற்கு இல்லை. ஆகவே பெரியவர்கள்தான் சரிபார்த்து அனுப்ப வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் இந்தத் துறையின் அடிப்படைச் சட்டம். அதன் 13-ஆவது பிரிவின்படி, அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்று மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்தவர்கள்தான் மறுவாழ்வுத் தொழிலைச் செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பேச்சுப் பயிற்சி அளிப்பவர், சிறப்பாசிரியர், காது கருவி பழுது பார்க்கும் டெக்னீஷியன் ஆகியோரையெல்லாம் அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த மூலப் பட்டியலில் சைகை மொழிபெயர்ப்பாளர் என்ற பெயர் இல்லை. மற்ற வகையினரை மத்திய அரசு அறிவிப்பு மூலம் சேர்த்துக் கொள்ளலாம் என்று மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறது.

பின்னர், இந்தக் கவுன்சிலின் அங்கீகாரத்தோடு இந்திய சைகை மொழிபெயர்ப்பு டிப்ளமோ என்ற இரண்டாண்டுப் படிப்பு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்கள் சேரலாம். டெல்லி மையத்திலும், மும்பையில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்திலும், இன்னும் சில நிலையங்களிலும் இது நடத்தப்படுகிறது. நாடு முழுவதிலும் இப்படித் தேறியவர்கள் சில நூறு பேர்தான் என்று பத்திரிகைகள் பல ஆண்டுகளாக எழுதி வருகின்றன. 50 லட்சம் பேருக்குச் சில நூறு பேர்!

2016-ஆம் ஆண்டுச் சட்டம், கேளாத பிள்ளைக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும் என்கிறது. சைகை மொழியில் தகுதி பெற்ற ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அமர்த்த வேண்டும் என்கிறது. டெலிவிஷனில் சைகை விளக்கம் வேண்டும் என்றுகூடச் சொல்கிறது. ஆனால் வகுப்பறையில் ஆசிரியருக்குப் பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளருக்கு என்ன தகுதி வேண்டும் என்று அது வரையறுக்கவில்லை. 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை இந்திய சைகை மொழியை நாடு முழுவதும் ஒரு நிலைப்படுத்துவோம், உள்ளூர்ச் சைகைகளுக்கும் மதிப்பளிப்போம் என்றது. 2021 ஜூலையில் சைகை மொழி ஒரு மொழிப் பாடமாகவும் அறிவிக்கப்பட்டது. எல்லாம் வரவேற்க வேண்டியவையே. மாடி கட்டியாகிவிட்டது, படிக்கட்டு வைக்கத்தான் மறந்துவிட்டார்கள்.

அமெரிக்கா கற்ற பாடம்

அமெரிக்காவில் சைகை மொழிபெயர்ப்பாளர்களுக்கான தேசியப் பதிவகம் 1964-லேயே ஏற்பட்டது. 1975-ல் வந்த கல்விச் சட்டத்தால் கேளாத பிள்ளைகள் பெரும் எண்ணிக்கையில் சாதாரணப் பள்ளிகளுக்கு வந்தார்கள். அவசரத்துக்குக் கிடைத்தவர்களையெல்லாம் வகுப்பறையில் நிறுத்தினார்கள். கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மொழிபெயர்ப்பது வேறு, பள்ளியில் பிள்ளைக்கு மொழிபெயர்ப்பது வேறு என்பது மெல்ல மெல்லத் தெரிய வந்தது.

1990-களில் பள்ளி மொழிபெயர்ப்பாளர்களுக்கென்றே ஒரு தனித் தேர்வை உருவாக்கினார்கள். உண்மையான வகுப்பறைப் பாடத்தை வீடியோவில் ஓடவிட்டு, அதைச் சைகையில் சொல்லச் செய்கிறார்கள். பிறகு ஒரு கேளாத பிள்ளை சைகையில் பேசுவதைக் காட்டி, அதை வாயால் சொல்லச் செய்கிறார்கள். ஆரம்பப் பள்ளிக்கு ஒரு விதம், உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு விதம். 0 முதல் 5 வரை மதிப்பு. பல மாநிலங்கள் 3.5 வேண்டும் என்கின்றன. சில 4 வேண்டும் என்கின்றன.

இந்தத் தேர்வு எழுதிய சுமார் 2,100 பேரின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2006-ல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு வகுப்பறைப் பாடத்தை முழுமையாகக் கொண்டு சேர்க்கும் திறமை போதவில்லை என்று தெரிந்தது. அவர்களில் பலர் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பணமும் பயிற்சி நிலையமும் உள்ள நாட்டிலேயே அந்த நிலை. சோதித்துப் பார்த்ததால் அவர்களுக்குத் தெரிந்தது. நாம் சோதிக்கவே இல்லை. ஆகவே எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

ஆளே இல்லை என்றால்?

"இருப்பதே சில நூறு பேர். சான்று கட்டாயம் என்றால் உள்ளதும் போச்சு, அரைகுறையாகச் சொல்பவர்கூட இல்லாமல் பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கும்" என்று பள்ளி நிர்வாகிகள் சொல்கிறார்கள். இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதில் உண்மை இருக்கிறது. குறைந்த சம்பளத்தில், நல்ல மனதோடு, பல ஆண்டுகளாக இந்தப் பிள்ளைகளுக்காக உழைத்தவர்கள் உண்டு. அவர்களை ஒரே நாளில் வெளியே அனுப்புவது நியாயமும் அல்ல, புத்திசாலித்தனமும் அல்ல.

கட்டாயம் வேண்டாம் என்று சொல்வதற்கு இது காரணம் ஆகாது. கட்டாயத்தைப் படிப்படியாகக் கொண்டு வருவதற்கே காரணம் ஆகும். இப்போது வேலையில் உள்ளவர்களுக்கு மூன்று அல்லது நான்கு ஆண்டு அவகாசம் தரலாம். அதற்குள் விடுமுறைக் காலப் பயிற்சியும், தேர்வு எழுத உதவியும் தரலாம். தேறினால் சம்பளத்தை உயர்த்த வேண்டும். சான்று மட்டும் கேட்டு, சம்பளத்தைப் பழைய இடத்திலேயே வைத்தால் யார் இரண்டு வருஷம் படித்துவிட்டு இந்த வேலைக்கு வருவார்கள்?

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். கேளாத பெற்றோருக்குப் பிறந்து, தாய்ப்பாலோடு சைகையைக் கற்றவர்கள். இவர்களைவிட நன்றாகச் சைகை அறிந்தவர் யாரும் இல்லை. ஆனால் டெல்லிக்கோ மும்பைக்கோ போய் இரண்டாண்டு தங்கிப் படிக்க எல்லாருக்கும் வசதி இராது. இத்தகையவர்கள் வகுப்பில் உட்காராமலே தேர்வு எழுதித் தகுதி பெறும் வழி அகலமாகத் திறந்திருக்க வேண்டும். நாம் கேட்பது வருகைப் பதிவேட்டை அல்ல, திறமையை.

எப்படிப்பட்ட சான்று?

வெறும் காகிதத்தால் பயன் இல்லை. சட்டம் இருக்கிறது, டிப்ளமோ இருக்கிறது என்று சொல்லிக் கொண்டு, பள்ளி வகுப்பறைக்குச் சம்பந்தமில்லாத சான்றை நீட்டினால் பழைய கதையே தொடரும். பள்ளி மொழிபெயர்ப்பாளருக்கான சான்றில் நான்கு அம்சங்கள் அவசியம் என்பது எனது தாழ்மையான கருத்து.

முதலாவது, சைகை இரு பக்கமும் ஓட வேண்டும். ஆசிரியர் சொல்வதைப் பிள்ளைக்குச் சொன்னால் மட்டும் போதாது. பிள்ளை கேட்கும் கேள்வியை ஆசிரியருக்குச் சொல்லவும் தெரிய வேண்டும். கேள்வி கேட்க முடியாத பிள்ளைக்குப் பள்ளியும் ஒன்றுதான், சினிமாக் கொட்டகையும் ஒன்றுதான்.

இரண்டாவது, பாட அறிவு. எட்டாம் வகுப்பு விஞ்ஞானத்தைச் சைகையில் சொல்ல வருபவர் அந்தப் பாடத்தைத் தாமே படித்துத் தேறியவராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரியது. பெங்களூரில் வேலை செய்பவருக்குக் கன்னடமும் ஆங்கிலமும் தெரிந்திருப்பதோடு, பிள்ளையின் வீட்டு மொழியிலும் பெற்றோரோடு பேசக் கூடியவர் பள்ளியில் ஒருவராவது இருக்க வேண்டும். தமிழோ, தெலுங்கோ, உருதுவோ அந்தந்த வட்டாரத்துக்குத் தக்கபடி இருக்கட்டும். இது மொழிச் சண்டைக்கான கோரிக்கை அல்ல. பிள்ளை பள்ளியில் கற்ற சைகையைத் தாய்க்கு விளக்கிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிள்ளை மறுபடியும் பேச்சற்றதாகிவிடுகிறது. ஒரே கூரையின் கீழ் தாயும் மகனும் மொழியில்லாமல் வாழ்வதைவிடப் பெரிய துன்பம் எது?

நான்காவது, மிக முக்கியமானது: தேர்வு நடத்துபவர்களில் கேளாதவர்களும் இருக்க வேண்டும். ஒருவர் பேசும் தமிழ் நன்றாக இருக்கிறதா என்று தமிழ் தெரிந்தவர்தானே சொல்ல முடியும்? கை அசைவு புரிகிறதா என்று அதைத் தினமும் பேசுகிறவர்தான் சொல்ல வேண்டும். கேட்கும் அதிகாரிகள் மட்டும் கூடி உட்கார்ந்து தரும் சான்று, சமைத்தவரே ருசி பார்த்துச் "சுவையாக இருக்கிறது" என்று சொல்வது போல ஆகிவிடும்.

இவற்றோடு ஒழுக்க விதியும் தேவை. மொழிபெயர்ப்பவர் பிள்ளையின் கணக்கைத் தாமே போட்டுத் தரக் கூடாது. பரீட்சையில் விடையைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. பிள்ளை அந்தரங்கமாகச் சொன்னதை ஆசிரியர் அறையில் போய்ச் சொல்லக் கூடாது. இரக்கப்பட்டுச் செய்யும் உதவிகூட, கடைசியில் பிள்ளையின் கையையே முடமாக்கிவிடும்.

பெங்களூர் வழிகாட்டலாம்

நம் நகரத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. பெங்களூரைச் சேர்ந்த கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி 2023 செப்டம்பரில் சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு சுப்ரீம் கோர்ட்டு விசாரணையில் கலந்து கொண்டார். 2024 ஏப்ரலில் கர்நாடக ஐகோர்ட்டும் அவரது வாதத்தை மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டது. நீதிபதியின் முன்னால் நிற்கும் வக்கீலுக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு என்றால், அந்த இடத்துக்கு ஏறி வர வேண்டிய ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் இல்லை? மேல்படிப்பிலும் கதவுகள் திறந்து வருகின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் கேளாத மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் 2007 முதல் நடக்கின்றன. பள்ளிப் படிப்பு புரிந்திருந்தால்தான் அந்த வாசலுக்குப் பிள்ளை போய்ச் சேர முடியும்.

கர்நாடக அரசின் கல்வித் துறை செய்ய வேண்டியவை எளியவை. கேளாத பிள்ளை படிக்கும் ஒவ்வொரு பள்ளியும், மொழிபெயர்ப்பவர் யார், அவருடைய தகுதி என்ன என்பதை எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு போடலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை. பள்ளி மொழிபெயர்ப்புக்கான தனிச் சான்றை டெல்லி மையத்தோடும் மறுவாழ்வுக் கவுன்சிலோடும் பேசி ஏற்பாடு செய்யலாம். மாவட்டத் தலைநகரங்களில் தேர்வு மையம் வைத்தால் ஏழை வீட்டு இளைஞர்களும் பெண்களும் இந்த வேலைக்கு வருவார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் பேசும் நாட்டில் இது ஒரு நல்ல உத்தியோகம்.

நம் தமிழ் அமைப்புகளுக்கும் பங்கு உண்டு. அல்சூரில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் பட்டிமன்றமும் பொங்கல் விழாவும் நடத்தும் மேடையில், ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கேளாத பிள்ளைகளின் பெற்றோருக்குச் சைகை வகுப்பு நடத்தலாம். கற்பிக்கக் கேளாத இளைஞர்களையே அழைக்கலாம். அவர்களுக்கும் கௌரவமான ஒரு வருமானம் கிடைக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். "என் பிள்ளைக்குச் சைகை சொல்பவர் எங்கே படித்தார்? எந்தத் தேர்வில் தேறினார்? பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். இலவசமாகப் படிக்கிறோமே என்று தயங்கவும் வேண்டாம். ஒருவர் தனியாகக் கேட்டால் பதில் வராது. பத்துப் பேர் சேர்ந்து மனு எழுதிக் கொடுத்தால் பதில் வந்தே தீரும். வீட்டில் மாலையில் பிள்ளையை உட்கார வைத்து, இன்று என்ன பாடம் என்று சைகையில் கேளுங்கள். நோட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். எழுதியதன் பொருளைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் பிள்ளையைக் கோபித்துக் கொள்ளாமல், மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுங்கள்.